பக்கத்துக் கட்டத்தில் இருப்பது

(அருப்புக்கோட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய வடிவம்)



2024 மக்களவைத் தேர்தலில் திருச்சுழிக்காரர்களுக்கு ஒரு விநோதமான வாக்குச்சீட்டு வாய்த்தது. அருப்புக்கோட்டை விருதுநகர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது; பக்கத்தில் உள்ள திருச்சுழியோ இராமநாதபுரத்தோடு சேர்ந்தது. அந்த முறை இராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். அதே பெயர், அதே தலைப்பெழுத்து கொண்ட இன்னும் ஐந்து பேரும் நின்றார்கள். ஆறு பன்னீர்செல்வங்கள்! எழுதப் படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் அன்று ஒரே நிலையில் இருந்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒளிப்படமும் உண்டு என்றாலும், தெருவில் மக்கள் வாயில் அடிபட்டது பலாப்பழம் என்ற ஒன்றுதான். முன்னாள் முதல்வருக்குக் கிடைத்த சின்னம் அது. ஏணி சின்னத்தில் நின்றவர் வென்றார்; பலாப்பழம் இரண்டாம் இடத்துக்கு வந்தது.

இவ்வுரையின் பொருள், அந்தப் பலாப்பழத்தைப் போல எழுத்தே இல்லாத எளிய குறிகளைக் கணினியில் கோடுகளாகவும் வளைவுகளாகவும் வரையும் தொழில். அந்தத் தொழிலைப் பற்றிய பாடநூல்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே அறிவுரையில் தொடங்குகின்றன: குறைத்து வரை, எளிமையாக்கு, தேவையற்றதை நீக்கு. நல்ல அறிவுரைதான், ஆனால் அரைகுறையானது. எதை நீக்குவது, எதை விடுவது என்பதை வரையும் பொருளை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு குறியின் பக்கத்தில் எந்தக் குறி நிற்கிறது என்பதே அதன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. இந்தக் கருத்தைச் சில எடுத்துக்காட்டுகளோடு வைப்பதே இங்கு நோக்கம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தக் கரிசல் மண்ணிலிருந்தே வருகின்றன.

1. பெட்டியிலிருந்து காகிதத்துக்கு

1951-52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது நாட்டில் எழுத்தறிவு சுமார் 18 விழுக்காடு. வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் அப்போது இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். வாக்காளர் தனக்குப் பிடித்த சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்தார். அந்தத் தேர்தலில் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் வென்றார். அவர் கட்சியான ஃபார்வர்ட் பிளாக்கின் மார்க்சியப் பிரிவுக்கு நிற்கும் சிங்கம் சின்னம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை.

சிங்கமும் காளையும் நான்கு கால் விலங்குகள். வாலும் உண்டு. ஆனாலும் குழப்பம் குறைவு. ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியின் மேல், கைக்கெட்டும் இடைவெளியில் இருந்தது. 1962 பொதுத் தேர்தலில் சின்னங்கள் எல்லாம் ஒரே காகிதத்தில் அடுத்தடுத்து அச்சாகி வந்தன. அன்றுதான் சின்னத்தின் வேலை மாறியது. அதுவரை ஒன்றை நினைவூட்டினால் போதும். அதற்குப் பிறகு விரல் அகலத்தில் இருக்கும் பக்கத்துச் சின்னத்திலிருந்து விலகியும் நிற்க வேண்டும்.

தேர்தல் ஆணையத்தில் இந்தப் படங்களை வரைந்தவர்களில் பெயர் தெரிந்தவர் எம். எஸ். சேத்தி. வரைவாளராக வேலை பார்த்து 1992இல் ஓய்வு பெற்றார். வீட்டிலும் தெருவிலும் கண்ணில் படும் பொருள்களை ஆணைய அலுவலர்கள் யோசித்துச் சொல்ல, அவற்றை அவர் பென்சிலால் வரைந்தார். அப்படி அவர் கையில் உருவானவற்றில் பல இன்றும் சுயேச்சைகளுக்குக் கொடுக்கப்படுகின்றன. நிழல் தீட்டிய அழகான பென்சில் படங்கள். சிறிதாக்கினால் சில படங்களில் நிழலெல்லாம் கரும்புள்ளியாகத் திரண்டுவிடும். அதைக் குறையாகச் சொல்லி என்ன பயன்? அவர் வரையும்போது ஒவ்வொரு படமும் தனித்தாளில்தான் இருந்தது.

பக்கத்துக் கட்டத்தால் வந்த வழக்குகளை இந்தியத் தேர்தல் வரலாறு நிறையவே பார்த்திருக்கிறது. தெலங்கானாவில், பின்னர் பி.ஆர்.எஸ். என்று பெயர் மாறிய டி.ஆர்.எஸ். கட்சியின் சின்னம் கார். சாலை உருளை முதலிய சில சின்னங்கள் காரைப் போலத் தெரிகின்றன என்று அந்தக் கட்சி திரும்பத் திரும்ப முறையிட்டது. 2022 நவம்பரில் நடந்த முனுகோடு இடைத்தேர்தலில், சாலை உருளை பெற்ற வேட்பாளருக்குத் தேர்தல் அதிகாரி சின்னத்தை மாற்றிக் கொடுக்க, ஆணையம் தலையிட்டுப் பழையதையே திருப்பிக் கொடுத்தது. நேரில் பார்த்தால் காருக்கும் சாலை உருளைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பக்கவாட்டில் வரைந்து, சிறிதாக்கி, கறுப்பில் அச்சடித்தால் இரண்டுமே இரண்டு வட்டத்தின் மேல் ஒரு பெட்டி.

நம் ஊர்ப் பக்கத்து எடுத்துக்காட்டு, இரட்டை இலை. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அறிமுகமாகி, 1977இல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் வென்று முதல்வரான தேர்தலில் இந்த வட்டாரச் சுவர்களையெல்லாம் நிறைத்த சின்னம். அ.தி.மு.க. பிளந்து நின்ற 1989 தேர்தலில் அது முடங்கிக் கிடந்தது. ஓர் அணி சேவலோடும் மற்றது இரட்டைப் புறாவோடும் நின்றன. சேவலும் புறாவும் பறவைகள்தான், ஆனால் கொண்டையும் வாலும் சேவலைப் பிரித்துக் காட்டிவிடும். 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்காக மறுபடி முடங்கியபோது ஓர் அணிக்குத் தொப்பி, இன்னோர் அணிக்கு இரட்டை விளக்கு மின்கம்பம். கம்பத்தின் இருபுறமும் விரிந்த விளக்குக் கைகளை இரட்டை இலை போலக் காட்டிப் பிரசாரம் செய்கிறார்கள் என்று எதிர் அணி புகார் கொடுத்தது. வாக்குச்சீட்டிலேயே இல்லாத ஒரு சின்னத்தோடு ஒரு சின்னம் ஒத்துப்போகிறது என்ற புகார் அது! பக்கத்துக் கட்டம் என்பது காகிதத்தில் மட்டும் இல்லை, பார்ப்பவர் நினைவிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

2. வெள்ளைத் திரையின் ஏமாற்று

இப்போது கருவிக்கு வருவோம். அருப்புக்கோட்டை பஜாரிலோ சிவகாசி அச்சகத்திலோ போய்க் கேட்டால், குறி வரைவது என்றால் கோரல்டிரா. காசு கொடுக்காமல் வேண்டும் என்றால் 2003 முதல் இன்க்ஸ்கேப் இருக்கிறது. இரண்டிலும் உள்ளே நடப்பது ஒன்றே. படம் புள்ளிக் கூட்டமாகச் சேமிக்கப்படுவதில்லை. இந்த நோடிலிருந்து, அதாவது முனைப்புள்ளியிலிருந்து, அந்த நோடு வரை இப்படி ஒரு வளைவு என்ற கணக்காகச் சேமிக்கப்படுகிறது. அந்தக் கணக்கு கார் செய்தவர்களிடமிருந்து வந்தது. சித்ரோயென் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோ 1959இலும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே 1960-களிலும் கார் உடலின் வளைவுகளை எண்ணால் எழுத வழி கண்டார்கள். காஸ்தெல்ஜோவின் வேலையை அவருடைய நிறுவனம் வெளியே விடவில்லை. வளைவுக்குப் பெசியே பெயர் நிலைத்தது அதனால்தான்.

கணக்காக இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதறாது. தீப்பெட்டி அளவுக்கும் பேருந்து நிலையச் சுவர் அளவுக்கும் ஒரே கோப்பு போதும். பெருமையாகச் சொல்லப்படும் இந்த வசதியில்தான் வரைபவர் ஏமாறுகிறார். திரையில் குறி எட்டு மடங்கு பெரிதாக, வெள்ளை வெளியின் நடுவில், தன்னந்தனியாக நிற்கிறது. காதோரத்தில் ஒரு வளைவைச் சரிசெய்து அரை மணி நேரம் போகிறது. அந்தக் குறி வாழப்போகும் இடத்தில் அப்படி ஒரு வெறுமை எங்கும் கிடைக்காது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒரு பலகைக்கு நோட்டாவையும் சேர்த்து 16 கட்டம். சட்டமன்றத் தேர்தல் என்றால் காகிதம் இளஞ்சிவப்பு. ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் 7 வினாடி தோன்றி விழுந்துவிடுகிறது.

ஆகவே வேலையைத் தலைகீழாகத் தொடங்குவது நல்லது. முதலில் பக்கத்துக் குறிகள் அத்தனையையும் அதே பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு நிரப்ப வேண்டும். உள் கோடுகளையெல்லாம் மறைத்துவிட்டு, நகத்தளவுக்குச் சுருக்கி, எட்டி நின்று பார்க்க வேண்டும். வெளி விளிம்பில் எது எதோடு ஒட்டுகிறது என்று அப்போது தெரியும். காரும் சாலை உருளையும் அகப்படுவது இந்த இடத்தில்தான். அதன்பின் எதை வெட்டுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். காரில் கண்ணாடியை நீக்கலாம், சக்கரத்தை நீக்கலாம், ஆனால் சரிந்த கூரையை நீக்கக் கூடாது. சாலை உருளையில் முன் உருளையை இன்னும் பெரிதாக்க வேண்டும், நிஜத்தில் இருப்பதைவிடப் பெரிதாக. உண்மைக்குப் புறம்பாக வரைவது இங்கே நேர்மை.

3. கத்தியும் வெயிலும்

இது சுருக்கமான செய்தி, ஆனால் கடைக்காரர்கள் தினமும் படும் பாடு. ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் இயந்திரத்தின் கத்தி, கோப்பில் உள்ள பாதை வழியே கண்மூடிக்கொண்டு போகும். இரண்டு வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே வடிவம் போலக் காட்டிவிட்டு, வெல்ட் செய்யாமல், அதாவது ஒன்றாக இணைக்காமல், அனுப்பினால், உள்ளே மறைந்த வளைவையும் சேர்த்து வெட்டிவிடும். தடித்த கோடு போட்டு அதை வடிவமாக மாற்றாமல் விட்டால், கத்திக்குத் தடிமன் தெரியாது. கோட்டின் நடுவே ஒரே ஒரு கீறல் விழும். ஸ்கேன் செய்த படத்தைத் தானாகவே கோடாக்கும் டிரேஸ் வசதியைப் பயன்படுத்தினால் ஓர் இலைக்கு நூற்றுக்கணக்கான நோடுகள் முளைக்கும், கத்தி தடுமாறும், மெல்லிய காம்பு உரிக்கும்போது கிழியும். ஓர் இலைக்கு நான்கு நோடு தாராளம். சுவரில் பிரஷ் பிடிக்கும் ஓவியர் இரண்டு இழுப்பில் ஓர் இலை போடுகிறார். அவர் கை அறிந்த கணக்கும் அதுவே.

வெயிலும் ஓர் அச்சுக் கருவி என்று இந்த வட்டாரத்தில் வரைபவர் எண்ணிக்கொள்ள வேண்டும். ஃப்ளெக்சில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் பிறகும் நிற்கும். அபாயம் என்று சிவப்பில் மட்டும் சொன்ன குறி, ஒரு கோடை கழிந்தால் எதையும் சொல்லாது.

4. பச்சை எதைச் சொல்கிறது?

மானாவாரிப் பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் பூச்சிமருந்து டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 45 பாகை சாய்த்து நிறுத்திய ஒரு சதுரம், அதாவது வைர வடிவம், அச்சாகியிருக்கும். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி அது லேபிள் முகப்பின் பரப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. கீழ்ப் பாதி முக்கோணத்தின் நிறம் நச்சின் அளவைச் சொல்லும். சிவப்பு என்றால் மிகக் கடுமை, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. மண்டையோடும் குறுக்கெலும்பும் சிவப்புக்கு மட்டும் உண்டு. மற்றவற்றுக்கு மேல் பாதியில் எச்சரிக்கைச் சொற்கள்தான்.

காகிதத்தில் தனியாக வைத்துப் பார்த்தால் ஒழுங்கான ஏற்பாடு. நான்கு படி, நான்கு நிறம். வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் கதை வேறு. அதே வீட்டில் பிஸ்கட் பொட்டலத்தில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் பொட்டு இருக்கிறது. சைவம், சாப்பிடலாம் என்று பொருள். சட்டப்படி சைவ உணவுப் பொட்டலங்களில் வருகிறது. எழுத்தறியாத பாட்டிக்கும் தெரியும். டப்பாவில் உள்ள பச்சை முக்கோணம் கொஞ்சம் விஷம் என்கிறது. இரண்டையும் அரசே வகுத்தது. இரண்டும் பச்சை, இரண்டுக்கும் சதுரமே சட்டம், ஒன்று நேராக நிற்கிறது, ஒன்று சாய்ந்து நிற்கிறது. வகுத்த சட்டங்கள் வேறு வேறு. டப்பாவும் பொட்டலமும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

உணவுத் துறை தன் பக்கத்தில் ஒரு திருத்தம் செய்தது. அசைவத்துக்கு இருந்த பழுப்புப் பொட்டை 2020 விதிகளில் பழுப்பு முக்கோணமாக மாற்றியது. பச்சையையும் பழுப்பையும் பிரித்தறிய முடியாத நிறக்குறைபாடு ஆண்களிடம் அதிகம். வட்டமா முக்கோணமா என்றால் அவர்களுக்கும் தெரியும். நிறத்தின் வேலையை வடிவத்துக்கு மாற்றிய அந்த முடிவு பாராட்டத்தக்கது. பூச்சிமருந்து லேபிளில் நான்கு படிக்கும் இன்னும் ஒரே முக்கோணம்தான். நான்குக்கும் வேறு வேறு வடிவம் கொடுப்பது கோரல்டிராவில் பத்து நிமிட வேலை, சட்டத்தில் பத்து ஆண்டு வேலையாக இருக்கலாம்.

5. உயர்த்திய கை

ஒரு குறி என்ன பொருள் தரும் என்பதைப் படம் மட்டும் முடிவு செய்வதில்லை. 1951-52இல் உதயசூரியன் ராம ராஜ்ய பரிஷத் கட்சியின் சின்னம். கை, ஃபார்வர்ட் பிளாக்கின் ரூயிகர் பிரிவுக்கு உரியது. இன்று அவற்றைக் காட்டினால் சின்னப் பிள்ளை என்ன சொல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். குடும்ப நலத்துக்கான தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் எதைப் போலவும் இல்லை. 1960-களின் பிற்பாதியில் தீப் தியாகி என்ற அரசு அலுவலர் முன்னின்று பரப்பிய குறி அது. மருத்துவமனைச் சுவரிலும் பேருந்திலும் தீப்பெட்டியிலும் திரும்பத் திரும்பப் பார்த்தே நாடு அதைக் கற்றது. சாலையில் வழிவிடு என்று சொல்லும் பலகையும் தலைகீழ் முக்கோணம்தான். உள்ளே வெள்ளையாக இருப்பதால் தப்பித்தது.

மெக்சிகோ நகரில் 1969இல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபோது, லான்ஸ் வைமன் குழுவினர் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் வரைந்தார்கள். அந்தந்த இடத்தின் வரலாற்றிலிருந்தும் அடையாளத்திலிருந்தும் எடுத்த படங்கள். படிக்கத் தெரியாதவரும் எங்கே இறங்குவது என்று அறிந்தார். ஊருக்கு ஊர் நகலெடுக்க முடியாத குறிகள் அவை. அதுவே அவற்றின் பலம்.

நகலெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று. மருந்தடித்த வயலுக்குள் ஆட்கள் போகக் கூடாது என்று சொல்ல, அமெரிக்காவில் வயல் ஓரம் நடும் பலகையில் வட்டத்துக்குள் ஒரு கடுகடுத்த முகம், பக்கத்தில் உயர்த்திய உள்ளங்கை. நில், வராதே என்று பொருள். எழுத்தும் கூடவே உண்டு. அதை அப்படியே இறக்கி, எழுத்தை நீக்கி, திருச்சுழிப் பக்கத்துப் பருத்திக்காட்டில் நட்டுப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை காட்டினால் போக்குவரத்துக் காவலர் நினைவுக்கு வரலாம், அப்படியானால் பிழைத்தோம். தேர்தல் நேரமாக இருந்தால் அது கட்சிச் சின்னம். மூன்றாவது வாய்ப்புதான் கவலை தருவது. திருச்சுழியின் திருமேனிநாதர் கோயிலுக்குள் போனாலும், தமிழ்நாட்டில் எந்தக் கோயிலுக்குள் போனாலும், கல்லிலும் செம்பிலும் உயர்த்திய உள்ளங்கை அபயக் கை. அஞ்சாதே, வா என்கிறது. பலகை சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

இந்த நேர் எதிரை அளக்க முறை இருக்கிறது. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தின் (ஏ.என்.எஸ்.ஐ.) தரத்தின்படி, பாதுகாப்புக் குறியை மக்களிடம் காட்டிக் கேட்டால் நூற்றுக்கு 85 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும். பொருளைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர் 5 பேருக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது எண்ணே முக்கியம். தெரியவில்லை என்பவர் இன்னொருவரைக் கேட்பார். தலைகீழாகப் புரிந்தவர் யாரையும் கேட்க மாட்டார், நேராக உள்ளே போவார்.

6. ஒரு வேலைத்திட்டம்

மருந்தடிப்பவர் பெரும்பாலும் ஆண். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அதே காட்டுக்குள் களை எடுக்கவும் பருத்தி எடுக்கவும் போகிறவர்கள் பெண்கள். டப்பாவின் லேபிள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அவர்களுக்கான குறி வரப்பில் இருக்க வேண்டும். இன்று அப்படி ஒன்று இங்கே வழக்கத்தில் இல்லை.

வரைந்து பார்க்கலாம். முதல் யோசனை, மடி கட்டிக் குனிந்த பெண் உருவம், அதன்மேல் தடை வட்டமும் குறுக்குக் கோடும். கறுப்பு நிரப்பிச் சுருக்கினால் சிக்கல் உடனே தெரிகிறது. குனிந்த உருவம், சாலையில் மண்வெட்டியோடு நிற்கும் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' பலகையை ஒத்திருக்கிறது. குறுக்குக் கோடு விழுந்ததும் உருவமே உடைந்துபோகிறது. பெண்ணை நிமிர்த்தி, மடியை நிஜத்தைவிடப் பெருக்கி, கோட்டை உருவத்துக்குப் பின்னால் விட்டால் கொஞ்சம் தேறும். இரண்டாவது யோசனை, தெளிப்பானை முதுகில் சுமந்த ஆளும் துளிகளும். இது மருந்துக்கடை விளம்பரத்தோடு மோதும், போய் வாங்கு என்று பொருள்படும்.

மூன்றாவது யோசனைக்குக் கணினி வேண்டாம். வாசலில் வேப்பங்குலை செருகியிருந்தால் அந்த வீட்டில் அம்மை, வெளியாள் உள்ளே போவதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் குலையை எடுத்துவிடுவார்கள். எழுத்தில்லை, எல்லாருக்கும் தெரியும், காலக்கெடுவும் உண்டு. எந்தப் பன்னாட்டுத் தரத்திலும் இல்லாத அருமையான குறி. ஆனால் பங்குனிப் பொங்கல் வந்தால் தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். அப்போது அது வா என்கிறது. வயலில் அதன் கோட்டுருவத்தைத் தகட்டில் வெட்டி நட்டால் எந்தப் பொருள் முந்தும்? உட்கார்ந்து யோசித்துச் சொல்லக்கூடிய விடை இல்லை.

கேட்டுத்தான் அறிய வேண்டும். கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தி எடுக்கும் பெண்கள் சுற்று ஊர்களில் எல்லாம் இருக்கிறார்கள். மூன்று வரைவையும் அஞ்சல் அட்டை அளவில், கறுப்பு வெள்ளையில், மற்ற பத்துக் குறிகளுக்கு நடுவே வைத்துக் காட்ட வேண்டும். இது என்ன என்று கேட்பதைவிட, இது வரப்பில் நட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது மேல். தலைகீழ் விடைகளைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். தேறும் வரைவைத் திறந்த எஸ்.வி.ஜி. கோப்பாக விட்டால் எந்த ஸ்டிக்கர் கடையும் வெட்டிக் கொடுக்கும்.

இன்னொன்றையும் அந்தப் பெண்களிடமே கேட்க வேண்டும்: நட்ட குறியை யார் பிடுங்குவது? காட்டுக்காரரா, மருந்தடித்தவரா, களைக்கு ஆள் கூட்டிப் போகிறவரா? கெடு முடிந்தும் வரப்பிலேயே நிற்கும் பலகையை அடுத்த வெள்ளாமையில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கெடுவுக்கு முன்பே யாரோ எடுத்துப்போனாலோ, பலகை இல்லாத காடு போகலாம் என்று சொல்லிவிடும்.